இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

என் மனைவி விமலேஸ்வரிக்கு ஒரு வியாதி உண்டு. வேலிக் கதவான படலையடியில் யார் நின்று கூப்பிட்டாலும் "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லிவிடுவாள். வந்தது யார், எதற்கு வந்தார் என்ற விசாரணையெல்லாம் பிறகுதான். இரண்டாம் தரம் கூப்பிட விடவும் மாட்டாள். முதல் சத்தத்துக்கே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஒருமுறை அப்படி ஓடியதில் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. படலையில் நின்றவன் வீடு கூட்டுகிற தும்புத்தடி விற்க வந்த ஆள். அவனுக்குக் கதிரை, அவனுக்குத் தேத்தண்ணீர். எனக்கு வெறும் தண்ணீர்.

"இஞ்சை என்ன மடமே நடத்துறாய்?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். முள்ளியவளையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சைக்கிள் திருத்துகிற முத்துலிங்கத்திடம் காற்றடிக்கப் போனால் ஏச்சும் சேர்த்துக் கிடைக்கும் என்பார்கள்.

அவள் அதற்கெல்லாம் அசையமாட்டாள். "கத்தி முடிஞ்சால் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்" என்பாள். இப்படி ஒருத்தியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். அந்த வியாதியால்தான் எனக்கு அவள் கிடைத்தாள்.

என் அப்பா பொன்னையா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு, ஒன்பது வயது என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பரந்தனுக்கு வந்தவர். காடு வெட்டினார், வயலில் கூலிக்கு நின்றார், ஒரு துண்டுக் காணியில் குடிசை போட்டார். இருபது வருடம் வன்னியில் வாழ்ந்தும் அநேக வீடுகளில் எங்களுக்குப் படலைதான் எல்லை. வேலை முடிந்தால் தேத்தண்ணீர் வேலியடிக்கு வரும், எங்களுக்கென்று ஒதுக்கிவைத்த தகரப் பேணியில். அப்பாவுக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. என் கோபத்துக்கு வேர் அந்தப் பேணிதான் என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றாறு புரட்டாதியில் இராணுவத்தின் செல்லடி தாங்காமல் பரந்தனை விட்டு ஓடினோம். உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு பகல், நடை ஒரு பகல். முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தபோது மழை. அப்பா காய்ச்சலில் நடுங்கினார். கண்ணில் பட்ட முதல் படலையில் நின்று, "வீட்டுக்காரர்! கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்று கூப்பிட்டேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெண் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"மழைக்குள்ள ஏன் நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."

"நாங்க இப்பிடியே ஓரமா நிக்கிறோம் தாயி" என்றார் அப்பா.

"ஓரத்தில நிக்கிறதுக்கே வந்தனியள்? வாங்கோ ஐயா, கதிரையில இருங்கோ."

அப்பா கதிரையில் இருந்தார். நனைந்த சாரத்தோடு, கதிரையின் நுனியில், எப்போது எழும்பச் சொல்வார்களோ என்ற முகத்தோடு இருந்தார். தேத்தண்ணீர் கண்ணாடிக் கிளாசில் வந்தது. அவளுடைய தாய் கமலாட்சி, இப்போது எனக்கு மாமி, குசினி வாசலில் நின்று முகத்தைச் சுளித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தது மகளைத்தான். அந்தக் கதிரைக்காகவே அவளைக் கட்டினேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை. மாமி சம்மதிக்க எட்டு மாதம் பிடித்தது. தொண்ணூற்றேழில் கல்யாணம்.

கட்டிய பிறகுதான் அவளிடம் இன்னும் இரண்டு விசித்திரங்களைக் கண்டேன்.

முதலாவது ஆடு. கொட்டில் நிறைய ஆடு. எல்லாம் வெள்ளை, நெற்றியில் கறுப்புப் பொட்டு. ஒன்றை வெட்ட விடமாட்டாள், விற்க விடமாட்டாள். தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் கறிதான். இடம்பெயர்ந்து வந்த வீடுகளில் பால்குடிப் பிள்ளை இருந்தால், பால் தருகிற ஆடு ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவாள். கேட்டால், "அது எங்கடை ஆடில்லை. வேற ஆக்களின்ரை. வளர்க்கத் தந்தது" என்பாள். எங்கள் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டு. ஒருவருடைய ஆட்டை இன்னொருவர் வளர்த்தால் ஈனுகிற குட்டியில் பாதி வளர்த்தவருக்கு. அப்படிப் பார்த்தாலும் பாதி ஆடு எங்களுடையது அல்லவா? அந்தப் பாதியிலும் கைவைக்கக்கூடாதாம்.

இரண்டாவது, கூரை வளையில் தொங்கிய ஒரு பொதி. உரப்பையில் சுற்றி, நைலோன் கயிற்றால் கட்டி, கறையானும் மழையும் தொடாத உயரத்தில் தொங்கியது. குண்டு போடப் பிளேன் வந்து பங்கருக்கு ஓடும்போது மாமி தேசிய அடையாள அட்டைகளை எடுப்பார், விமலா அந்தப் பொதியை எடுப்பாள். நகையாக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் சந்தைக்குப் போன நேரம் அவிழ்த்துப் பார்த்தேன். அட்டை கிழிந்த ஒரு புத்தகம். அறுநூறு பக்கத்துக்கு மேல். முதல் தாளில் நீல மையில் "ம. றாபியா, 11ஆம் ஆண்டு" என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு மயிலிறகு. பக்கங்களைப் புரட்டினால் வாயெல்லாம் பல்லாக ஒருவனின் படம். செத்த பிறகும் எழும்பி வந்து ஆட்களின் இரத்தம் குடிக்கிற பேயின் கதை. யாரோ வேற்று மொழியிலிருந்து பெயர்த்தது.

"எட, நகை எண்டு பாத்தால் நாசமாப்போன பேய்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். விமலா மரக்கறிப் பையோடு வாசலில் நின்றாள். ஏசவில்லை. என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் கதையைச் சொன்னாள்.

தண்ணீரூற்று எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். அங்கே மஹ்றூப் என்பவர் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய மகள் றாபியாவும் விமலாவும் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள். பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து புக்கை போகும். தொண்ணூறு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, கொழும்பில் தகப்பன் வாங்கிய இந்தப் புத்தகத்தை றாபியா முதலில் வாசித்தாள். பிறகு, "ஒரு கிழமைக்கு நித்திரை வராது, பாத்துக்கொள்" என்று சொல்லி விமலாவிடம் தந்தாள்.

பதினாறு வயதுப் பிள்ளை. வாசித்து நடுங்கிப் போனாளாம். கதையில் பனி கொட்டுகிற ஒரு துறைமுக ஊர். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு கனவான் மாலை நேரங்களில் வீட்டு வாசலுக்கு வருவான். வீட்டுக்காரர் "வா" என்று சொன்னால் மட்டும்தான் அவனால் உள்ளே வர முடியும். சொல்லிவிட்டால் அந்த வீடு முடிந்தது. ஒவ்வொருவராக வெளிறிப்போய்ச் சாவார்கள், செத்தவர்கள் எழும்பி அடுத்த வீட்டுக்குப் போவார்கள். "அந்தப் பேய் பேர் சொல்லி ரெண்டு தரம்தான் கூப்பிடுமாம். மூண்டாந்தரம் கூப்பிட்டால்தான் மனிசராம். அப்பிடித்தான் புத்தகத்தில இருக்கு" என்றாள் விமலா. அதற்குப் பிறகு யார் படலையில் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் வரும்வரை அவள் வாய் திறப்பதில்லையாம். வந்த சனம் முகம் கறுத்துப் போனார்களாம். வீட்டுக்கு வந்தவரை வா என்று கேளாமல் நிற்பதைப் போல ஒரு அவமரியாதை எங்கள் ஊரில் வேறில்லை.

அந்த ஐப்பசியில்தான் முஸ்லிம் சனங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று எங்கள் பகுதியை வைத்திருந்த இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, சொன்ன நாளுக்குள். எத்தனையோ தலைமுறையாக இருந்த சனம். அநியாயம். எந்த நியாயத்தை யார் சொன்னாலும் அது அநியாயம்தான். பக்கத்தில் இருந்த நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

கடைசி நாள், இருட்டத் தொடங்குகிற மைம்மல் பொழுது. விமலா உள்ளே இருந்தாள். படலையில் "விமலி!" என்று ஒரு குரல். றாபியாவின் குரல். அவள் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து இன்னொரு தரம், "விமலி!" மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் படலைக் கப்புத் தூணில் ஒரு வெள்ளை ஆட்டு மறிக்குட்டி, பெட்டைக் குட்டி, கட்டியிருந்தது. நெற்றியில் கறுப்புப் பொட்டு. றாபியா கையால் பால் பருக்கி வளர்த்த குட்டி. தண்ணீரூற்றுக்கு ஓடினாளாம். வீடுகள் திறந்து கிடந்தன. கோழிகள் மட்டும் நின்றன.

"மூண்டாந்தரம் கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருப்பன்" என்றாள். புத்தகத்தை அன்றைக்கு மூடியவள் திறக்கவேயில்லை. பாதியில் வைத்த மயிலிறகு பாதியிலேயே இருந்தது.  அந்த நாளிலிருந்து ஆட்டிறைச்சி கேட்டு வாய் திறக்கவில்லை. சரி, பெரிதாகத் திறக்கவில்லை.

வருடங்கள் போயின. மகள் தனுஷா பிறந்தாள். அப்பா போய்ச் சேர்ந்தார், கடைசிவரை விமலா தந்த கண்ணாடிக் கிளாசில்தான் தேத்தண்ணீர் குடித்தார். இரண்டாயிரத்தோராம் ஆண்டு எனக்குச் சிறுநீரகத்தில் சலக்கல் வந்தது. வலி என்றால் அப்படி ஒரு வலி, சைக்கிளைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே நிலத்தில் உருளுவேன். வவுனியாவுக்குத்தான் போகவேண்டும் என்றார் டொக்டர். இயக்கத்தின் பகுதியை விட்டு வெளியே போக நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும்தான் பாஸ். திரும்பி வருவோம் என்பதற்கு மாமியும் தனுஷாவும் பிணை.

அந்த நேரம் பார்த்துத் தங்கராசா அண்ணை ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் என் கடையின் நிரந்தர வாடிக்கையாளர். அவருடைய சைக்கிள் டயர் டயராக இல்லை, நான் நைலோன் நூலால் தைத்த தையலாகவே இருந்தது. போன மாதம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பட்டாணிச்சூரில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் கதைத்தாராம். "கடைக்காரர் என்னை ஊர் எது எண்டு கேட்டார். முள்ளியவளை எண்டன். என்ரை மனிசியும் தண்ணீரூற்றுத்தான் எண்டார். மனிசிக்குப் பேர் றாபியாவாம். மஹ்றூப்பின்ரை மேள்."

கடையில் உதவிக்கு நின்ற விமலா கையிலிருந்த காற்றடிக்கிற பம்மைக் கீழே போட்டாள். பிறகு குந்திக்கொண்டு, "அவளிட்டை என்னெண்டு போறது? போனால் வா எண்டு சொல்லுவாளே?" என்றாள். அதற்குப் பிறகு பாஸ் வரும்வரை அவளுக்கு அந்த ஒரு கேள்விதான். என் கல்லை எல்லோரும் மறந்துபோனார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். கொடுக்குமுன் ஒருதரம் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட வேண்டும் என்றாள். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு இரவில் வாசிக்கக் கட்டாது. பகலில் கடைக்கு வந்து வாங்கில் இருந்து உரக்க வாசித்தாள். நான் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டபடி கேட்டேன். இரண்டாம் நாள் பார்த்தால், சைக்கிள் எடுத்த ஆட்களும் போகாமல் நின்று கேட்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, எழுதியவன் கெட்டிக்காரன். ஆனால் பதினாறு வயதில் அவளை நடுங்க வைத்த இடங்களில் இப்போது யாரும் நடுங்கவில்லை. சவப்பெட்டி திறக்கிற இடத்தில் தங்கராசா அண்ணை வெற்றிலை மடித்தார். "ரெண்டு சொட்டு ரத்தம் குடிக்கிறதுக்கு இவ்வளவு ஆரவாரமோ? இந்தப் பேய் வன்னிக்கு வந்து எங்கடை ரத்தத்தைக் குடிச்சால் மலேரியா வந்து மூண்டு நாளில செத்துப்போகும்" என்றார். கடையே சிரித்தது. வேறொரு இடத்தில்தான் சத்தம் அடங்கியது. நோய் வந்த வீட்டுக்காரர் உதவி கேட்டுத் தெருவில் ஓடும்போது, ஊர் முழுவதும் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பார்க்கிற இடம். விமலா அதை வாசிக்கும்போது குரல் ஒடுங்கிவிட்டது. அன்றைக்கு அதோடு மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மயிலிறகு வைத்த பக்கமும் வந்தது, போனது. எனக்கு நெடுக ஒரு அரிப்பு. "எங்கை விமலா, அந்த ரெண்டு தரம் கூப்பிடுற இடம்? பாதி தாண்டிட்டுது" என்றேன்.

"இருக்கும். நான் கவனிக்காமல் வாசிச்சிருப்பன்" என்றாள்.

கடைசிப் பக்கமும் முடிந்தது. அந்த இடம் இல்லை. எனக்கு மண்டைக்குள் ஒன்று புகுந்தால் சும்மா விடமாட்டேன். கிறீஸ் கையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து நானே தேடினேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், இரண்டு நாள் பிடித்தது. தொண்ணூற்றோராம் பக்கத்தில் கண்டேன். மயிலிறகுக்கு எவ்வளவோ முன்னால், அவள் வாசித்தபோது எப்படியோ என் காதில் விழாத பக்கம். சாம்பல் கோட்டுக்காரன் ஒருபோதும் கூப்பிடுவதில்லை என்று இருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் பேசாமல் நிற்பான், அவ்வளவுதான். "அவனுக்கு எவருடைய பெயரும் நினைவில் தங்குவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது மனிதர்கள் மட்டும் செய்கிற காரியம்" என்று அச்சில் கிடந்தது.

எனக்கு வெற்றிக் களிப்பு. தங்கராசா அண்ணைக்கும் வேறு இரண்டு பேருக்கும் முன்னால், "பாத்தியே? பேய் கூப்பிடவே கூப்பிடாதாம்! இல்லாத கதை சொல்லிக் கட்டின நாளில இருந்து ஒரு ஆட்டிறைச்சிக் கறிக்கு வழியில்லாமல் பண்ணிப்போட்டியே!" என்று பகிடியாகக் கத்தினேன்.

விமலா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்து ஒருதரம் வாசித்தாள். பிறகு எழும்பிப் போனாள். முகத்தைப் பார்த்ததும் என் நாக்கை அறுத்து எறியலாம்போல இருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

ஆட்டுக் கொட்டிலில் நின்று குழை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"ரெண்டு தரம் கூப்பிடும் எண்டது அம்மா சொன்னது. சின்னனில. பேய் ரெண்டு தரம்தான் கூப்பிடும், மூண்டாந்தரம் வாய் திற எண்டு. நான் அதைப் புத்தகத்தில இருந்தது எண்டு நினைச்சுக்கொண்டன். இல்லை, அதுவும் பொய். நினைக்க விரும்பினனான்" என்றாள்.

நான் கிடந்த குழையில் ஒரு கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு அவள்தான் எண்டு தெரியும். முதல் தரமே தெரியும். ஆட்டுக்குட்டி கத்தினது. பேய் ஆட்டுக்குட்டியோடை வருமே? நான் யன்னலுக்குப் பின்னால நிண்டனான். போனால் ஆரும் காணுவினமோ, எங்களுக்கும் கரைச்சல் வருமோ எண்டு பயந்து நிண்டனான். அவள் நிண்டு நிண்டு பாத்தாள். பிறகு போயிட்டாள்."

குசினி வாசலில் மாமி நின்றதை அப்போதுதான் கண்டோம். "பிள்ளை, நானெல்லோ போகவேண்டாமெண்டு உன்னை மறிச்சனான். ஆம்பிளை இல்லாத வீடு எண்டு பயந்து..." என்றார்.

"நீங்கள் மறிச்சனியள்தான் அம்மா" என்றாள் விமலா. "ஆனால் எனக்குக் கால் இருந்தது."

நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. பதினாறு வயது, தகப்பன் இல்லாத பிள்ளை, ஊரே வாய் பொத்தி நின்ற நாள். அவள் எங்கே ஓடுவாள்? ஆனால் என் அப்பாவைக் கதிரையில் இருத்திய அந்த "உள்ளுக்கு வாங்கோ" எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு விளங்கியது. ஒருத்திக்குச் சொல்லாமல் விட்டதை அவள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தும்புத்தடிக்காரனுக்கும் சொன்னாள், எங்களுக்கும் சொன்னாள். என் கண்ணும் கலங்கிவிட்டது. குழைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாஸ் கிடைத்துப் போனோம். இந்தப் பக்கம் இயக்கத்தின் சோதனையில் பொதியைப் பார்த்து என்ன புத்தகம் என்றார்கள். பேய்க் கதை என்றேன், விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இராணுவக்காரன் ஒருவன் தமிழ் தெரியாமலே அறுநூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். பின்னால் வரிசை வெயிலில் காய்ந்தது, எனக்குக் கல் குத்தியது. கடைசியில் பல்லுக்காரனின் படத்தைக் கண்டான். எங்களைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், வாய்விட்டுச் சிரித்துத் திருப்பித் தந்தான்.

ஆஸ்பத்திரியில் என் கல்லை எடுத்தார்கள். பாஸ் முடிய ஒருநாள் இருந்தபோது, பின்நேரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு பட்டாணிச்சூருக்குப் போனேன். தேத்தண்ணீர்க் கடைக்காரர் கையை நீட்டி வீட்டைக் காட்டினார். தகரப் படலை. உள்ளே சின்ன வீடு, கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தது.

விமலா படலையடியில் நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அந்தப் புத்தகத்தில்கூட யாரும் அப்படி வெளிறவில்லை.

"கூப்பிடன்" என்றேன்.

"றாபியா!" குரல் பாதிதான் வந்தது.

உள்ளே யாரோ இருக்கிறார்கள். வாசல் திரை அசைகிறது. ஆனால் பதில் இல்லை.

"றாபியா!"

பதில் இல்லை. விமலா என்னைப் பார்த்தாள். "கேட்டிருக்கும். அவள் சரியாத்தான் செய்யிறாள்" என்று சொல்லிப் புத்தகப் பொதியைப் படலைக் கப்பில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

எனக்கு வந்ததே கோபம். "நில்லடி! ஆறு சோதனைச் சாவடி தாண்டி, அறுத்த வயிற்றோடை வந்தது ரெண்டு தரம் கூப்பிட்டுப்போட்டுப் போறதுக்கே? மூண்டாந்தரம் கூப்பிடு! நீயெண்டாலும் கூப்பிடு!"

அவள் படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி, "றாபியா!" என்று கத்தினாள்.

திரை விலகியது. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தொழுகை உடுப்போடு ஒரு பெண் ஓடிவந்தாள். பின்னால் ஒரு சிறுமி.

"தொழுதுகொண்டு நிண்டனான் விமலி, இடையில வாய் திறக்கேலாது. முதல் தரமே உன்ரை குரல் எண்டு தெரியும். போயிடுவியோ எண்டு பயந்துபோனன்" என்று மூச்சிரைத்தாள். கப்பில் தொங்கிய பொதியைப் பார்த்து, "என்னது, அந்தச் சனியன் பிடிச்ச புத்தகமே? பதினொரு வருசமா வாசிச்சனி?" என்று சிரித்தாள். "வாங்கோ, ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ. றுமானா, போய்க் கதிரையை எடு."

விமலா அசையவில்லை. "நான் உள்ளுக்கு வாறதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீ கூப்பிடேக்கை நான் வீட்டில இல்லை எண்டு நினைச்சிருப்பாய். நான் இருந்தனான் றாபியா. நீ எண்டு தெரிஞ்சும் இருந்தனான். பயத்தில வரேல்லை."

றாபியாவின் சிரிப்புப் போய்விட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவள் படலைக்கு மேலால் கையை நீட்டி விமலாவின் கையைப் பிடித்தாள்.

"அது எனக்குத் தெரியுமடி. யன்னலில உன்ரை விரல் தெரிஞ்சது" என்றாள். "நீ உள்ளுக்கு நிக்கிறாய் எண்டு தெரிஞ்சபடியால்தானே ஆட்டைக் கட்டிப்போட்டுப் போனனான். ஆளில்லாத வீட்டில ஆரும் ஆட்டைக் கட்டுவினமே?"

விமலா விம்மி விம்மி அழுதாள். றாபியா ஒரு கையால் அவளைப் பிடித்தபடியே, மற்றக் கையால் படலையைத் திறந்தாள்.